கோணலாய் எட்டுப் பச்சைப் பொட்டு

மாப்ள,

நேற்றுக் காலையில் திருநகர் டாக்டரின் அந்தக் குட்டிக் காரை மறுபடி பிரித்தேன். ரெண்டே பேர் உட்காருகிற, கூரையில்லாத, நம் இருவரையும்விட வயசான அதே ஸ்போர்ட்ஸ் கார். இஞ்சினை இறக்கித் தலைகீழாய்க் கவிழ்த்து, அடியிலிருக்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றியதும் கருகின எண்ணெய் வாடை முகத்தில் அறைந்தது. துணியால் துடைத்தேன். நாலு கனெக்டிங் ராடு, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு போல்ட். எட்டுத் தலையிலும் நீ வைத்த பச்சைப் பொட்டு இருந்தது. இத்தனை வருஷம் கொதிக்கிற எண்ணெயில் வெந்தும் போகவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. நீ கண்ணை மூடி, மவுத்தாகி ரெண்டு ரம்ஜான் போய்விட்டது. உன் பெயிண்ட்டு மட்டும் கெட்டியாய் உட்கார்ந்திருக்கிறது.

முதன்முதலில் இந்தக் காரின் இஞ்சின் நம் வண்டியூர்ப் பட்டறைக்கு வந்த கோலம் உனக்கு மறந்திருக்காது. நாலு பிஸ்டனும் துரு ஏறி பிளாக்கோடு ஒட்டிக் கிடந்தன. பத்து நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டும் அசையவில்லை. கடைசியில் பிஸ்டன் மேல் வேப்பங்கட்டையை வைத்து நீ பிடித்துக்கொண்டாய். நான் பெரிய சம்மட்டியைத் தூக்கினேன்.

"என் மொகத்தப் பாத்து அடிக்காத மாப்ள, கட்டையப் பாத்து அடி."

"ரெண்டும் ஒண்ணு போலதான இருக்கு."

"அப்ப ஒம் மச்சினன் மண்டைன்னு நெனச்சுக்க."

அதற்கப்புறம் ஒரே அடிதான். பிஸ்டன் கழன்று தரையில் போய் மோதித் தெறித்தது. நம் பட்டறையில் எதையும் கெஞ்சி வாங்கியதில்லை, அடித்துத்தான் வாங்கினோம்.

ஆனால் போல்ட் முறுக்குவதென்று வந்துவிட்டால் நீ வேறு ஆளாகிவிடுவாய். முறுக்கு அளவு சரியானதும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும்; அந்த நொடியே கையை எடுத்துவிடுவாய். உடனே சட்டைப் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சுப் புட்டியை எடுத்து, போல்ட் தலையில் ஒரு பொட்டு வைப்பாய். உன் வீட்டில் யாரும் அதைப் பூசமாட்டார்கள்; தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் படாது என்பார்கள். அதனால் வளையல் கடைக்கு நீயே போய் நிற்பாய். 'யாருக்குண்ணே?' என்று அந்தப் பெண் கேட்டால், 'இஞ்சினுக்கு' என்று சிரிக்காமல் சொல்லுவாய். கடை முழுக்கச் சிரிக்கும்.

'பொட்டு வச்ச போல்ட்டத் தொடாத. ரெண்டாந்தரம் முறுக்குனா இழுபட்டு அறுந்துரும்.' இது நீ போட்ட சட்டம். ஒருத்தன் பொட்டு வைத்துவிட்டால் மற்றவன் சோதிக்கக்கூடாது. வருஷக்கணக்காய் அப்படித்தான் நடந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம். நீ ரெண்டு ராடை முறுக்கி, நாலு போல்ட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு, மஃரிப் தொழுகைக்கு நேரமாச்சு என்று கிளம்பினாய். நகப்பூச்சை என் கையில் கொடுத்தாய்.

"மிச்ச நாலும் கையாலதான் மாட்டிருக்கேன். நீ முறுக்கிரு."

"நீ போ. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

நீ போன கொஞ்ச நேரத்தில் வாழைக்கன்றும் பூசணிக்காயும் பொரியும் வந்து இறங்கின. நானும் சந்தனம், குங்குமக் கிண்ணங்களோடு சுற்றிவந்தேன். கம்ப்ரசருக்குப் பொட்டு, சம்மட்டிக்குப் பொட்டு, டாக்டர் கார் ஹாரனுக்குக்கூடப் பொட்டு. கவிழ்ந்து கிடந்த இஞ்சினை எட்டிப் பார்த்தேன். நாலு போல்ட் நெற்றியில் சிவப்போடு லட்சணமாய் இருந்தன. நாலு மொட்டையாய்க் கிடந்தன. பாவமாய் இருந்தது மாப்ள. எண்ணெய் விரலால் குங்குமத்தைக் குழைத்து அந்த நாலுக்கும் வைத்துவிட்டேன். முறுக்க வேண்டும் என்கிற நினைப்பு அதோடு போய்விட்டது.

பூஜை முடிந்த மறுநாள் நான் வருவதற்குள் நீ சம்ப்பை மூடியிருந்தாய். எட்டிலும் சிவப்பைப் பார்த்ததும் நான் முறுக்கிவிட்டேன் என்று நம்பியிருக்கிறாய். மூடிக்கிடந்ததைப் பார்த்து, மிச்சத்தையும் நீயே முறுக்கியிருப்பாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரும் யாரையும் கேட்கவில்லை.

வண்டியை ஓட்டிப் பார்க்க, உச்சிவெயிலில் நாகமலை புதுக்கோட்டை தாண்டிப் போனோம். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில். காலி ரோட்டைப் பார்த்ததும் மிதித்தாய். உள்ளே ஏதோ தட்டத் தொடங்கியது.

"மாப்ள, எவனோ உள்ள இருந்து கதவத் தட்டுறான்."

"யாருன்னு கேளு, பெறகு தொற," என்றேன்.

நீ காலை எடுப்பதற்குள் அவனே உடைத்துக்கொண்டு வந்துவிட்டான். ராடு அறுந்து, பிளாக்கின் வயிற்றைக் கிழித்து வெளியே வந்தது. இரும்புத் துண்டு ஒன்று பானெட்டைப் பொத்துக்கொண்டு என் காதோரம் பறந்தது. சிவந்து கொதித்த சைலன்சரில் எண்ணெய் கொட்டி, குபீரென்று தீப்பிடித்தது. என் புருவம் பொசுங்கியது. உன் சட்டைக் கையில் தீ ஏறியது. ரோட்டோர மண்ணை அள்ளி அள்ளி வீசினோம்.

தீ முழுசாய் அடங்கவில்லை, அதற்குள் நீ என்பக்கம் திரும்பினாய்.

"முறுக்குனியாடா?"

"மூடுனது நீதானடா!"

நீ விட்ட குத்தில் என் முன்பல் ஒன்று தார்ரோட்டில் விழுந்தது. வாய் நிறைய ரத்தம். என் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கத்தினாய்.

"எட்டுலயும் பொட்டு இருந்துச்சுடா! எட்டுலயும் செவப்புடா!"

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது மாப்ள. கிண்ணம், குங்குமம், என் விரல், எல்லாம் கண்முன் வந்து நின்றது. ஆத்திரத்தில் கை நீட்டிவிட்டேன் என்று அப்புறம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பொய். தெரிந்துபோனதால்தான் அடித்தேன். அடுத்த வார்த்தை உன் வாயிலிருந்து வரக்கூடாது என்று, வீல் ஸ்பேனரை எடுத்து உன் மண்டைக்கு வீசினேன். நீ வலது கையைத் தூக்கித் தடுத்தாய். காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. இஞ்சின் வெடித்த சத்தம்கூட எனக்கு மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கம்போடு ஓடிவந்தார்.

"ஏப்பா, வண்டி எரியுது. அத விட்டுட்டு நீங்க எதுக்குய்யா அடிச்சுக்கிட்டுச் சாகுறீங்க?"

கை எப்படி ஒடிந்தது என்று கார்க்கார டாக்டர் கேட்டதற்கு, "பானெட் கையில விழுந்துருச்சு சார்" என்றாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் நடு விரலும் மோதிர விரலும் மடங்கவே இல்லை. டீ கிளாஸைப் பிடித்தால் அந்த ரெண்டும் ஆட்டுக் கொம்பாய் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கும் உன்னைக் கேலி செய்தேன், பார்த்துக்கொள். எனக்கு வேறு என்ன தெரியும்?

கோயம்புத்தூரிலிருந்து வேறொரு பிளாக் வந்தது. கட்டுக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து நீ பார்த்துக்கொண்டிருக்க, நான் முறுக்கினேன். முதல் 'டக்' கேட்டதும் நீ எழுந்து, இடது கையால் பையைத் துழாவிப் புட்டியை எடுத்தாய். பச்சை.

"செவப்பு என்னாச்சு?"

"தீந்துருச்சு."

"பள்ளிவாசலுக்குப் பெயிண்ட் அடிச்ச மிச்சமா மாப்ள?"

நீ சிரிக்கவில்லை. பழகாத இடது கையால், எட்டுப் பொட்டையும் கோணல் கோணலாய் நீயே வைத்தாய்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தோடு ஒரு திறந்த இஞ்சின் பக்கம் போனேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"பொட்டு வைக்கணும்னா வெளிய எம்புட்டு வேணும்னாலும் வையி மாப்ள. உள்ள வைக்காத."

திரும்பினேன். நீ பொரியை மென்றுகொண்டு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது உனக்கு. வாயைத் திறந்தேன். "பொரி நமுத்துருச்சா?" என்றுதான் வந்தது. "நல்லா இருக்கு" என்று நீயும் சொன்னாய். அதற்கப்புறம் எத்தனை இஞ்சின் பிரித்தோம், எத்தனை ஆயிரம் போல்ட் முறுக்கினோம். அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னிடமிருந்து கழலவில்லை.

உன் சந்தூக்கில் தோள் கொடுத்துவிட்டு வந்த அன்று, உன் சட்டைப் பையில் இருந்தது என்று, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் சம்சாரம் அந்தப் பச்சைப் புட்டியை என்னிடம் கொடுத்தது. "பானெட் விழுந்ததுலருந்தே அவுகளுக்குக் கை வெளங்கலண்ணே" என்று அழுதது. வீட்டிலும் நீ அதையேதான் சொல்லி வைத்திருக்கிறாய். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் உன் பழைய போல்ட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"பானெட் விழலம்மா. நான்தான் அடிச்சேன். தப்பும் என்னோடதுதான்."

போல்ட்டை எடுத்துக் காட்டி, குங்குமக் கதையையும் சொன்னேன். தங்கச்சி உள்ளே போனது. கதவைச் சாத்திவிடும் என்று நினைத்தேன். டீயோடு வந்தது. என்னைப் பார்க்காமல் கிளாஸை வைத்தது.

"கடேசி வரைக்கும் அவுகளுக்குச் சட்டப் பட்டன் நாந்தான் போட்டுவிட்டேன்ணே."

அம்புட்டுத்தான் சொன்னது. நீ அடித்ததில் எனக்கு ஒரு பல்தான் போனது மாப்ள.

இன்று புதுப் போல்ட் எட்டையும் முறுக்கினேன். 'டக்' என்றதும் கையை எடுத்தேன். உன் புட்டி காய்ந்து கிடந்தது. தின்னர் ஊற்றி இளக்கினேன். வலது கையால் முதல் பொட்டு வைத்தேன். நேராக, அழகாக வந்தது. அதைத் துடைத்துவிட்டு, பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.