சீட்டுக்கட்டை எரித்தவள்

மார்கழி 9, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகக் கோயில் பொன்விழாவில் நான் வாசிக்கவிருக்கும் சபை வரலாற்றை எழுதி முடித்தேன். அமெரிக்காவில் மெதடிஸ்டு சபை பிறந்த கதையில், ஒரு பெண் ஆண்களின் சீட்டுக்கட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டு, அவர்களில் தன் உறவினரை எழுந்து பிரசங்கம் செய்யச் சொன்னாளாம். இந்த ஊரில் அதைச் செய்தவள் என் அம்மா. நடவு வயலிலிருந்து வந்தவள், ஜெபம் நடத்த வந்துவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்த உபதேசியாரின் சீட்டுக்கட்டை எரித்தாள். அன்றுதான் இங்கே முதல் ஜெபம்.

உபதேசியாரின் மகன்தான் இப்போது சபைச் செயலாளர். படித்துவிட்டுச் சிரித்தார்.

“டீச்சர், அந்த வெள்ளக்காரம்மா, அவங்க பெரியவங்க. உங்கம்மா கூலி கேட்டுக் கொடி புடிச்சவ. அவ பேர கல்வெட்டுல போட்டா மிராசுதார் விழாவுக்கு வருவாரா? எங்கப்பா பேரு போதும்.”

அந்தம்மா ‘அவங்க’. என் அம்மா ‘அவ’.

“சரிங்க” என்றேன்.

கல்வெட்டில் அவர் அப்பா பெயரே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை, பேராயரும் மிராசுதாரும் முன்வரிசையில் இருக்க, மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல், “உபதேசியார் அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்” என்றுதான் மைக்கில் தொடங்குவேன்.