தோணி கவிழ்ந்த நாள்

நேற்றுக் காலை திருவண்ணாமலைச் சாலையில் மரவாடியைத் தாண்டி நடந்து போனேன். மழையில் ஊறிய பெரிய மரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத் தூளின் வாசனை முகத்தில் வந்து அடித்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது. அறுக்கிறவர் தலையைத் தூக்கி, "இன்னா பெரியம்மா வேணும், பலகையா?" என்றார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த வாசனை என்னவென்று சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ போய் ஆறு மாதம் ஆகிறது.

உன் அண்ணன் வேலை பார்த்த மரக்கிடங்கில் இதே வாசனைதான். அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. நாம் இருவரும் செஞ்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கிடங்கு இருந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் உன் அண்ணிக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஒத்தாசைக்கு நீ கிளம்பினாய், கூட வருவேன் என்று நான் அடம்பிடித்தேன். எங்கள் நைனா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அவங்க அண்ணன் வூட்டுக்குத்தானே, போய்ட்டு வா" என்று விட்டுவிட்டார்.

சித்திரையில் நம் ஊர்ப் பாறையில் கை வைத்தால் சுடும். அங்கே பாறை முழுக்கப் பாசி. "நம்ம ராஜகிரிக் கோட்டை மலைய ஒரு வருசம் தண்ணில ஊற வெச்சா இப்படித்தான்டி ஆவும்" என்றாய் நீ. வானம் தெரியாத காடு. அதன் நடுவே கறுத்த தண்ணீரோடு ஒரு ஆறு போய்க்கொண்டிருந்தது.

ஆற்றில் போக ஆசைப்பட்டது நான்தான். காட்டிலாகா அதிகாரிகள் வந்தால் சாத்தன் என்கிற மலைக்காரர் அவர்களைத் தோணியில் ஏற்றிக் கீழ்க் கிடங்குவரை கொண்டுபோய் விடுவார். காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து லாரியில் திரும்பலாம். அண்ணனைக் கெஞ்சி ஏற்பாடு செய்ய வைத்தேன். நீ மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய்.

"எனக்கு நீச்சல் தெரியாதுடி."

"எனக்குத் தெரியும் இல்ல? தொண்டூர்க் கெணத்துல குதிச்சிக் கத்துக்கிட்டவ நான். நான் இருக்கேன், வா."

அதை நம்பித்தான் நீ ஏறினாய்.

ஒரே மரத்தைக் குடைந்த தோணி அது. முன்னால் நீ, நடுவில் நான், பின்னால் துடுப்போடு சாத்தன். "அம்மா, ஆடாம இரிக்கணும்" என்பதைத் தவிர அவர் அதிகம் பேசவில்லை. காலை முழுவதும் எவ்வளவு நன்றாக இருந்தது. பிரம்புப் புதர்கள் இரண்டு கரையிலிருந்தும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது அதன் இறக்கைச் சத்தம் பாய் உதறுவதுபோலக் கேட்டது. மணல்திட்டில் இறங்கிச் சாப்பிட்டோம். அங்கே என் காலில் அட்டை ஏறிவிட்டது. சாத்தன் சுண்ணாம்பை எடுத்தார். ஐயோ, கொல்லாதீங்க என்றேன் நான். ஜைன வீட்டுப் பெண்ணாயிற்றே. நீ சிரித்துக்கொண்டே ஓர் இலையால் அதை மெல்ல நெம்பி எடுத்துப் புதரில் விட்டாய். "போ, டீச்சரம்மா உயிர் குடுத்துட்டாங்க" என்றாய்.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீரின் நிறம் மாறியது. மேலே எங்கோ மழை. சாத்தன் துடுப்பை வேகமாகப் போட்டார். பாறைகளுக்கு நடுவே ஆறு குறுகும் இடத்தில் வெள்ளத்தோடு வந்த ஒரு மரம் தோணியைப் பக்கவாட்டில் இடித்தது. கவிழ்ந்துவிட்டோம்.

நான் மேலே வந்தபோது வலது கையில் ஒரு வேர் அகப்பட்டது. அடுத்த கணம் என் இடது மணிக்கட்டை நீ பிடித்தாய். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, கை மட்டும்தான். உன் கனமும் ஆற்றின் இழுப்பும் சேர்ந்து என்னை உள்ளே இழுத்தன. மூக்குக்குள் தண்ணீர் ஏறியது. நான் கையை உதறினேன். நீ விடவில்லை. இன்னொரு முறை உதறினேன்.

ஓர் அட்டைக்காக ஐயோ என்றவள் நான்.

வேரைப் பிடித்துக் கரையேறினேன். எதிர்க்கரையில் துடுப்போடு ஏறிய சாத்தன் என்னைப் பார்த்தார், பிறகு ஆற்றைப் பார்த்தார். எதுவோ கத்திவிட்டுக் கீழ்நோக்கி ஓடினார். அதற்கப்புறம் அங்கே யாரும் இல்லை. ஒரு மணி நேரம் இருக்கும். புடவை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன். கூப்பிடக்கூட வாய் வரவில்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நான் முதலில் நினைத்தது, உங்கம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத்தான். நீ பிழைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகு.

கீழே சாய்ந்துகிடந்த மரத்தின் கிளைகளில் நீ சிக்கியிருந்தாயாம். அந்த மரத்தின் மேலாகவே ஆற்றைக் கடந்து சாத்தன் உன்னைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். நெற்றியில் ரத்தம். என்னைக் கண்டதும், "நீயும் போய்ட்டேன்னு நெனச்சேன்டி" என்று அழுதாய். கட்டிக்கொண்டு அழுதோம். விலகும்போது உன் கண் என் மணிக்கட்டில் நின்றது. உன் நகங்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. நீ முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாய்.

கரையோரமாகவே நடந்து கீழ்க் கிடங்குக்குப் போனோம். லாரியோடு காத்திருந்த அண்ணன் உன் நெற்றியைப் பார்த்துப் பதறினார். அவரிடம் நீ சொன்னாய்: "தோணி கவுந்துடுச்சிண்ணே. இவதான் புடிச்சி இழுத்தா. இல்லன்னா நான் இல்ல."

சாத்தன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, நேரமும் இருந்தது. நான் சொல்லவில்லை.

செஞ்சிக்குத் திரும்பியதும் உங்கம்மா என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் கறி படாத புதுப் பாத்திரத்தில் எனக்கென்று தனியாகச் சேமியா பாயசம் வந்தது. நான் சாப்பிட்டேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் உனக்கு மருதாணி வைத்தபடி, "அன்னிக்கு ஆத்துல..." என்று தொடங்கினேன். "உடுடி, அதப் பத்தி இன்னா இப்ப" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்புறம் வேலூருக்குப் போய்விட்டாய். குழந்தைகள், மாமியார், மாற்றலாகி வந்த புது ஹெட்மாஸ்டர் என்று எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதினோம். ஆற்றைப் பற்றி நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. கடிதங்கள் வருஷத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரக்கணக்கில் என் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை.

நீ இறந்தது நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பேருந்து ஏறி வேலூருக்குப் போனேன். உன் மகள் கதவைத் திறந்தாள். அதே நெற்றி, தழும்பு மட்டும் இல்லை. பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா பெரியம்மா? அம்மாவ ஆத்துலேருந்து காப்பாத்தினது நீங்கதானே?"

நாற்காலியில் உட்கார்ந்தபிறகு சொன்னேன். "இல்லம்மா. அவ என் கையப் புடிச்சா. நான் உதறிட்டேன். ரெண்டு வாட்டி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா. நான் கேக்கவே இல்ல."

எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டு நான் எழுந்தபோது தட்டோடு வந்தாள். சாதம், ரசம், கூட்டு. கண் சிவந்திருந்தது. "நீங்க ஜைனருங்க, பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடுவீங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. உக்காருங்க" என்றாள். பாதிச் சோறுதான் எனக்கு இறங்கியது.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியதும் இல்லை. அன்று அண்ணனிடம் நீ சொன்ன பொய்யை இத்தனை வருஷமும் என் நல்ல பெயராக வைத்துக்கொண்டிருந்தேன். அதை உன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது உன்னை உதறியது ஒன்றுதான். அது என்னுடையது. இருக்கிறவரை நானே வைத்துக்கொள்கிறேன்.