ஜோர்டனா, லெப்ரானா

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு நீ அனுப்பிய மலர்வளையம் வந்து சேர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. அடக்கத்துக்கு அனுப்பியதும் அழகாக இருந்தது.

ஞாயிறுதோறும் கோயில் முடிந்ததும் நீயும் அப்பாவும், அமெரிக்க ஆட்டக்காரர்களில் ஜோர்டன் பெரியவரா லெப்ரான் பெரியவரா என்று போனில் மல்லுக்கட்டுவீர்கள். கூடைப்பந்துப் பயிற்சியாளராகவே காலம் தள்ளியவருக்கு உன்னிடம் வேறு எதையும் பேசத் தெரியவில்லை. "ஜோர்டன் காலத்துல இடிச்சுத் தள்ளுவாம்லே. இப்பம் லேசா உரசுனாலே விசில் ஊதுதான்" என்பார். "நாப்பது வயசுலயும் லெப்ரான் ஓடுதாரே, அதைச் சொல்லுங்கப்பா" என்பாய். கடைசியாகப் பேசியபோது அவர், "சொந்த ஊர் டீமை விட்டுட்டுப் போனவன் என்னலே பெரிய ஆளு?" என்றார். நீ போனை வைத்துவிட்டாய். அடுத்த ஞாயிறு அவர் இல்லை.

அவர் லெப்ரானைத்தான் சொன்னார். அப்படித்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஒரு வருடமாக அந்த இரண்டு ஆட்டக்காரர்களுடைய பழைய ஆட்டங்களையும் பார்த்தேன். கண் எரிகிறது. அப்பாவின் வாதத்தில் நேர்மை இல்லை. ஜோர்டனும் கடைசியில் வேறு அணிக்கு ஆடினார். லெப்ரானோ திரும்பி வந்து, விட்டுப்போன அணிக்கே கோப்பை வாங்கிக் கொடுத்தார். இரண்டும் அப்பாவுக்குத் தெரியும். ஆகையால் அன்று ஜெயித்தது நீதான்.

ஆனாலும் ஜோர்டன்தான் பெரியவர் என்பேன். காரணங்களை எழுத எனக்குத் தெம்பில்லை. போனிலும் சொல்ல மாட்டேன். எதிரே வந்து உட்கார்ந்து மறுத்துப் பேசுகிறவனிடம்தான் சொல்வேன்.

அம்மா