அப்பாவின் உப்பும் ஏழு பத்து பஸ்ஸும்

பிப்ரவரி 4
உப்பைப் பற்றி நூலகத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் அள்ளி வந்துவிட்டேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டதாம். மாத்திரையோடு உப்பும் குறைய வேண்டுமாம். மார்ச் பரிசோதனையிலும் இறங்காவிட்டால் பஸ் ஓட்ட விடமாட்டார்கள். பணிமனையில் நாற்காலி வேலைதான். அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஓட்டுநர் தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட்டார்.

நாளை முதல் காலை மிசோ சூப் என் பொறுப்பு!

பிப்ரவரி 5
உப்புக் கரிக்கும் மிசோ சோயா விழுதைப் பாதியாகக் குறைத்தேன். அப்பா ஒரு வாய் குடித்தார். “சிசுரு, கிண்ணம் கழுவின தண்ணியையா ஊத்தின?” அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

பிப்ரவரி 7
வென்றேன்! நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி முந்தின நாளே ஊறப்போட்டேன். அந்தச் சாற்றில் முள்ளங்கி, கேரட், காளான், டோஃபு எல்லாம் கரண்டி நிற்கும் அளவுக்கு. காய் கூடினால் சூப்புக்கு இடம் குறையும். சூப் குறைந்தால் உப்பும் குறையும்! (இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே கண்டுபிடித்தது.) அப்பா கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

பிப்ரவரி 11
துரோகம்! பக்கத்து வீட்டு கிதாஹரா அத்தை டீ குடிக்க வந்தார். உடனே தட்டு நிறைய உப்பில் ஊறிய நொசாவா கீரை. அப்பா அதன்மேல் சோயா சாஸ் வேறு ஊற்றினார்! நான் முறைத்தேன்.

“உங்க பொண்ணு போலீஸாயிடுவா போலிருக்கே,” என்றார் அத்தை.

“கீரை இல்லாம டீயா? அதுக்குப் பேரு வெந்நீர்,” என்றார் அப்பா.

பிப்ரவரி 12
ஐயோ. ஐயோ.

அம்மா கடைக்குப் போன நேரம். கொட்டகையில் இருந்த ஊறல் கீரை முழுவதையும் — வசந்தம் வரைக்குமானது — குளியல் தொட்டியில் தண்ணீரில் போட்டுவிட்டேன். உப்பு இறங்கியதும் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான்! அதற்குள் அம்மா வந்துவிட்டார்.

“அடிப்பாவி! உப்பு போயிட்டா அது தாங்குமாடி? அத்தனையும் அழுகிடுமே! கை வெறைக்க வெறைக்கக் கழுவி ஊறவச்சவ நான்!”

அழுதேன். அப்பா குளியலறையை எட்டிப் பார்த்தார். “அப்ப நான் எங்க குளிக்கிறது?”

அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

பிப்ரவரி 13
ஓயாகி! ஓயாகி! ஓயாகி! உப்புப் போன கீரையைப் பிழிந்து, நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, மாவு உருண்டைக்குள் வைத்துச் சுட்டோம் — அம்மா, அத்தை, நான். என் புருவத்தில்கூட மாவு. தெரு முழுக்கக் கொடுத்தோம். பணிமனைக்கும் ஒரு பெட்டி போனது, காலியாக வந்தது.

“உப்பு பத்தலைன்னு யாராவது சொன்னாங்களா?”

“நான் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். உள்ள ஓயாகி இருந்துச்சு,” என்றார் அப்பா.

மார்ச் 2
வீட்டில் ஊறல் கீரை இல்லை. டீக்கு ஆப்பிள் துண்டுகள். அப்பா சோயா பாட்டிலைப் பார்த்தார். பார்த்ததோடு சரி.

மார்ச் 12
நாளை பரிசோதனை. ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடவில்லை. இறங்கலைன்னா? ஆசையா சாப்பிட்ட மனுஷன் வாயைக் கட்டினதுதான் மிச்சமா?

மார்ச் 16
அழுத்தம் இறங்கிவிட்டது! இன்று பள்ளிக்கு நடக்கவில்லை. ஏழு பத்து பஸ். ஓட்டுநர் வெள்ளைக் கையுறையோடு, என்னைத் தெரியாதவர் போல நேரே பார்த்து ஓட்டினார்.

“அடுத்த நிறுத்தம், நடுநிலைப் பள்ளி. பொருட்களை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.” சற்று நிறுத்தி, அதே ஒலிபெருக்கியில், அதே குரலில்: “நாளைக்கு முள்ளங்கி இன்னும் கொஞ்சம்.”

பஸ்ஸில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. நான் சிரித்துச் சிரித்துப் பள்ளியைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்கினேன்.