பச்சை விளக்கு

செவ்வாய், 11 மார்ச் 1986



மருமகன் செய்த பெட்டியை நாளை விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நிந்தவூர் நெல் ஆலைக்கு ஏற்றுகிறார்கள். பொயிலரில் சூடு மிஞ்சினால் அடுப்பை நிறுத்துவது அதன் வேலை. இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஆலைக்காரருக்கு அதை ஓட்டிக் காட்டினார். பெட்டி தன்னைத்தானே சோதித்துவிட்டுப் பச்சை விளக்கை எரித்தது. ஆலைக்காரர் மாஷா அல்லாஹ் என்றார். ஆனால் சூட்டை அறியும் வயர், காலையில் நான் தூசி தட்டும்போது கழன்று, மேசைக்குக் கீழே கிடந்தது. திரைக்குப் பின்னால் நின்ற நான் கண்டேன். அவர்கள் காணவில்லை.

எங்கள் வழக்கப்படி மருமகனோடு நான் நேரே கதைப்பதில்லை. மகளிடம் சொல்லி அனுப்பினேன்.

“பச்ச எரிஞ்சா எல்லாம் சரியாம் உம்மா. வயர மில்லுல பூட்டுவாராம்” என்று பதில் கொண்டு வந்தாள்.

“வயர் இல்லாமலே சரியெண்டு சொல்ற பெட்டி, அங்க வயர் கழண்டாலும் சரியெண்டுதானே சொல்லும்?”

உள்ளேயிருந்து மருமகன் சிரித்தார். “பள்ளிக்கூடத்துல புள்ளையளுக்குப் போட்ட மாதிரி மாமி என்ட பெட்டிக்கும் புள்ளி போடுறாவா? பெட்டிக்குள்ள இருக்கிற சிப்பில திருத்தி எழுதுறதெண்டா கொழும்புக்குப் போகணும். வாக்குக் குடுத்தாச்சு. பொறகு பார்ப்பம்.”

பொயிலருக்குப் பக்கத்தில் நெல் அவிக்கும் பெண்கள் நிற்பார்கள். அவர்களும் அந்தப் பச்சையைத்தான் நம்புவார்கள்.

அவர் சாப்பிட எழுந்ததும் பெட்டி இருக்கும் அறையைப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. அவர் கேட்டால் கொடுக்கமாட்டேன். கோபித்துக்கொண்டு அவர் தன் தாய் வீட்டுக்குப் போகப் புறப்பட்டால், மகள் வந்து கேட்பாள். அப்போது இந்தக் கை சாவியை எடுத்துக் கொடுத்துவிடுமோ தெரியவில்லை.