நான்காம் பக்கத்துக் கோடு

இன்று காலை ஒரு விற்பனையாளர் புது பவர் டிரான்சிஸ்டரின் தாங்குதிறன் விவரங்கள் அடங்கிய டேட்டாஷீட்டை என் மேசையில் வைத்து, "முதப் பக்கத்தைப் பாருங்க மேடம், பதினஞ்சு ஆம்பியர் தாங்கும்" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. நீ போய் இத்தனை வருடமாகியும் தணியாத கோபம் அது.

ராஜபாளையத்துப் பட்டறையில் நூற்பாலைகளின் போர்டுகளை நாம் இருவரும்தான் பழுது பார்த்தோம். பவர் சப்ளை போர்டில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். முதலாளி ஒன்றைக் குறைக்கச் சொன்னார். "ஓடுறது நாலு ஆம்பியர். இது ஒண்ணே பதினஞ்சு தாங்கும். ரெண்டு எதுக்கு?"

நீ அதன் டேட்டாஷீட்டில் நான்காம் பக்கத்து வரைபடத்தை விரித்தாய். வோல்ட் கூடக்கூட ஆம்பியர் சரிந்து இறங்கும் கோடு. "வோல்ட் கொறச்சலா இருந்தாத்தான் சார் பதினஞ்சு. நம்ம போர்டுல டிரான்சிஸ்டர் மேல நாப்பது வோல்ட் விழுது. நாப்பதுல மூணைத் தாண்டக்கூடாதுன்னு கோடு சொல்லுது. சூடேறினா அதுவும் தாங்காது."

"படத்தைப் பாத்துட்டிருந்தா தொழில் நடக்காதும்மா" என்றார்.

அவர் சொன்னபடி ஒன்றே போட்டு அனுப்பினோம். ஒரே மாதத்தில் செட்டியார்பட்டி ஆலையிலிருந்து ஐந்து போர்டுகள் கருகித் திரும்பின. ஆலைப் பொறியாளர் முன்னால் முதலாளி உன்னைக் கைகாட்டினார். "இந்தப் பிள்ள ஈயம் வச்சுப் பத்தவச்ச சால்டரிங் சரியில்ல சார்." நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து, ஏற்கெனவே முடுக்கிய திருகையே திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உனக்கு வேலை இல்லை. மற்ற பட்டறைகளுக்கும் அந்தப் பேச்சு உனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. டிப்ளமோ படித்த நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்குப் பெட்டி மடித்தாய். பார்க்க வந்த என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "ஏட்டி, போர்டு இன்னும் கருகுதா?" என்று மட்டும் கேட்டாய்.

"கருகுது."

"அப்ப அவிய இன்னும் பக்கத்தைத் திருப்பல."

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாய். மடவார் வளாகத்து உன் வீட்டுக்கு முதலாளி பெரிய மாலையோடு வந்தார். "கெட்டிக்காரப் பிள்ள. அவ சொன்னபடி ரெண்டு போட்டோம், பொறவு ஒரு போர்டும் கருகல" என்று உன் வீட்டுக்காரரிடம் சொன்னார். அதைப் புகழ்ச்சி என்று நினைத்தே சொன்னார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இதை அந்த ஆலையில சொன்னீங்களா சார்?" என்று கேட்டேன்.

"போனதைப் பேசி என்னம்மா ஆவப்போவுது?"

மறுநாளே, கருகித் திரும்பிய அந்தப் போர்டுகளில் ஒன்றையும் அந்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு செட்டியார்பட்டிக்குப் போனேன். உன் சால்டரிங்கில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. பொறியாளர் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணை நான் பாக்கணுமே" என்றார்.

"முந்தாநாள் செத்துட்டா சார். எழுதிக் குடுங்க" என்றேன்.

பிழை சால்டரிங்கில் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எனக்கும் அந்தப் பட்டறையில் வேலை போனது. போகட்டும். உன் வீட்டுக்காரர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உசுரோட இருக்கையில யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

என்னைக் குறை சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் அந்த 'யாராச்சும்' நான்தான்.