அரோஹா கதைக்கும் தமிழ்

யூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. எங்கட ஊர் மங்கரே முழுக்க ஊறிப்போய்க் கிடக்கு. உடுப்பு ஒன்றும் காயவில்லை. அரோஹாவுக்குச் சளி, டேகேருக்கு விடவில்லை.

நாளை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அரோஹாவை எட்டு மாதக் குழந்தையாக எங்களிடம் வளர்க்கத் தந்தார்கள். இப்போது மூன்றரை வயது. குடும்ப நீதிமன்றம் எங்களோடு இருக்கட்டும் என்றது. செத்துப்போன தாயின் அக்கா மேரே மேன்முறையீடு செய்தாள். மாவோரிப் பிள்ளை மாவோரிச் சொந்தத்தோடு வளர வேண்டுமாம்.

சட்டத்தரணி வித்யா, மதுரைப் பெண், ஃபோனில்: "அக்கா, அமெரிக்காவுலயும் பழங்குடிக் குழந்தைங்களைச் சொந்தக்காரங்ககிட்ட குடுக்குற சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. தோத்துட்டாங்க. அந்தத் தீர்ப்பு இங்க செல்லாது. ஆனா ஜட்ஜுங்க எல்லாத்தையும் படிப்பாங்க. மனசைத் திடப்படுத்திக்குங்க."

படிக்காமல் இருந்தால் இந்த ஜட்ஜுகளுக்கு என்ன குறைந்துவிடும்.

யூலை 9, புதன்

தோற்றுவிட்டோம். அடுத்த வாரச் சனி மேரே பிள்ளையைக் கூட்டிப்போவாளாம், வடக்கே கைத்தாயாவுக்கு. லீவில் போய்ப் பார்க்கலாம், மேரே விரும்பினால். விரும்பினால்.

இவர் வேலைக்குப் போய்விட்டார். சாப்பாட்டுப் பெட்டி மேசையில்.

மகன்: "மம், கான்ட் வீ அப்பீல்?" வித்யா வேண்டாம் என்கிறாள்.

யாரில் கோபப்படுவது? எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்றை இப்படி வேறு ஆட்களிடம் கொடுத்திருந்தால் கோட்டுக்கு முதல் ஆளாய்ப் போயிருப்பது நான்தான். மேரே சொல்வதில் பிழை பிடிக்க முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

யூலை 13, ஞாயிறு

மேரே வந்தாள். மீனோடு, தானே பிடித்ததாம். கெட்டவளாக இருக்க மாட்டாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லை.

வழமைபோல அரோஹாவைச் சாப்பாட்டு மேசையில் ஏற்றி இருத்திச் சோறு தீத்தினேன். மேரே எழும்பி, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் ஆள் இருப்பது மாவோரி ஆட்களுக்கு ஆகாதாம். பிறகு மகன் சொன்னான், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவையாம். இத்தனை நாள் வாய் திறக்காத பெடியன். எத்தனை தரம் ஏற்றியிருப்பேன்.

சாப்பிட்டு முடிய மேரே பதிவு செய்ய ஃபோனை நீட்டி இங்கிலீஷில் கேட்டாள். பிள்ளை கதைப்பது அவளுக்கு விளங்கவில்லையாம். பசித்தால், நொந்தால் என்ன சொல்வாள்? சொன்னேன். பசிக்குது. நோகுது. போதுமென்றால், காணும். தூக்குங்கோ. பெற்ற பிள்ளை ஒரு சொல் தமிழ் பேசமாட்டான். பேசுகிறவளைக் கொடுக்கப்போகிறேன்.

"இரவில் முழிச்சால்?"

"அம்மா எண்டு கூப்பிடுவாள்."

மேரே பதிவை நிறுத்தினாள். "அது எனக்கு விளங்கும்" என்றாள்.

யூலை 19, சனி

மழை விட்டிருக்கு. இரண்டு பை, சளி மருந்து, காது பிய்ந்த முயல் பொம்மை.

டேகேருக்குப் போவதுபோலத் தானே சப்பாத்து மாட்டினாள். கார் சீட்டில் பெல்ட் போட்டதும், "அம்மா, போட்டு வாறன்!" போறன் என்று சொல்லப்படாது என்று பழக்கினது நான்தான்.

மேரே திரும்பினாள். "இது நீ சொல்லித் தரேல்லையே. என்ன சொல்றாள்?"

இத்தனை நாள் பேசாமல் இருந்த இவர் சொன்னார்: "திரும்பி வருவாளாம்."

மேரே ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரோஹா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லாமல் ஒருநாளும் போகமாட்டாள்.

"ஓம் குஞ்சு," என்றேன். "போட்டு வாங்கோ."